வீரா ஸ்டார்ட் ஆகாவிட்டால்: மகளுக்கு அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

உன் புரோட்டான் வீரா காடியில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை என்று சொன்னாய். லாபிஸில் போர்மேன், அதாவது மெக்கானிக், பானெட்டைக்கூடத் திறக்காமல் ஸ்டார்ட்டர் (எஞ்ஜினை முதலில் சுற்றிவிடும் மோட்டார்) போய்விட்டது, மாற்றவேண்டும் என்றாராம். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கழற்றிப் போடும் பழைய ஸ்டார்ட்டர்களில் எத்தனையோ நல்லவை, பாப்பா. கோளாறு பேட்டரி வயரிலோ எர்த்திலோ (எஞ்ஜின் இரும்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குக் கரண்ட் திரும்பும் வழி) இருக்கும், பழி ஸ்டார்ட்டர்மேல் விழும். முதலில் மீட்டர் வைத்துப் பார், பிறகு காசை எடு.

சத்தமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். 'டக டக டக' என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்ச், பியூஸ், ரிலே பக்கம் பார்க்கவேண்டும். 'ஊய்ங்' என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்ஜின் அசையாவிட்டால் ஸ்டார்ட்டர் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியனின் ஒருவழி கிளட்ச் தேய்ந்துவிட்டது. உனக்கு வருவது ஒற்றை 'டக்'. அதற்கு ராத்திரியில் ஒரு சோதனை செய். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. வெளிச்சம் அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரியோ கேபிளோ பலவீனம், இல்லாவிட்டால் மோட்டார் இறுகிக்கிடக்கிறது. வெளிச்சம் அப்படியே நின்றால் கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை. ஸ்டார்ட்டரோடு ஒட்டிய மின் சுவிட்சான சொலினாய்டின் செம்புக் காண்டாக்ட் எரிந்திருக்கும், அல்லது மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

இனி மீட்டர். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், டிசி 20 வோல்ட்டில் வை. இரவு முழுக்க நின்ற காடியில் பேட்டரி 12.6 காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான், முதலில் சார்ஜ் போடு. சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் எஞ்ஜினைச் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தாலும் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு பேட்டரி இரண்டு மூன்று வருஷம் உழைத்தாலே பெரிது.

ஸ்டார்ட்டர் எங்கே என்று தேடாதே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து போகும் தடித்த கேபிளைப் பிடித்துக்கொண்டே போ. எஞ்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில் அது போய் முடியும். அங்கே ஒரு பெரிய உருளை, அதோடு ஒட்டியபடி ஒரு சின்ன உருளை. சின்னதுதான் சொலினாய்டு. அதன் பின்பக்கம் இரண்டு தடித்த செம்பு போல்ட் இருக்கும். ஒன்றில் பேட்டரி கேபிள். இன்னொன்றிலிருந்து ஒரு கனமான வயர் மோட்டாருக்குள் போகும். இவை தவிரச் சொருகு போட்ட மெல்லிய வயர் ஒன்று வரும், அது சாவியிலிருந்து வருவது.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, பக்கத்து வீட்டு டீச்சரைச் சாவியைத் திருப்பச் சொல். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் வை. சிவப்பு முனையை முதலில் மெல்லிய வயரில் வை. 10 வோல்ட்டுக்கு மேல் வந்தால் சரி, 7, 8 என்று நின்றால் தப்பு சாவி சுவிட்சிலோ வழியிலோ இருக்கிறது. அடுத்து மோட்டாருக்குள் போகும் அந்தச் செம்பு போல்ட். 'டக்' என்று அடிக்கும்போது கேபிள் போல்ட்டில் 12 இருந்து இங்கே பூஜ்யமானால் சொலினாய்டு காண்டாக்ட் போய்விட்டது. இங்கேயும் 12 வந்து, எர்த்தும் சரியாக இருந்து மோட்டார் சுற்றாவிட்டால் பிரஷோ, மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சரோ. ஸ்டார்ட்டரின் உடம்பில் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டி, உடனே ஸ்டார்ட் ஆனால் பிரஷ்தான். தட்டித் தட்டி ஒரு வாரம் ஓட்டலாம், அதற்குமேல் நம்பாதே.

எர்த்தை மறந்துவிடுவார்கள், அதனால் தனியாகச் சொல்கிறேன். சிவப்பு முனை எஞ்ஜினின் சுத்தமான இரும்பில், கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். மோட்டார் இழுக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. இதற்கு அருமையான ஒரு அடையாளமும் உண்டு. எர்த் சரியில்லாத காடியில் கரண்ட் வேறு வழி தேடி ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும், கேபிள் சுடும். ஜம்ப் வயரின் ஒரு முனையை நெகட்டிவிலும் மறு முனையை எஞ்ஜின் இரும்பிலும் மாட்டு. உடனே 'கிறுகிறு' என்று சுற்றினால் ஸ்டார்ட்டருக்குப் பணம் தேவையில்லை, ஒரு எர்த் பட்டை போதும். செம்மண் ரோட்டில் மழைத்தண்ணீரில் ஓடும் காடிக்கு இது சகஜம்.

இத்தனைக்கும் பிறகு ஸ்டார்ட்டர்தான் என்று தெரிந்தால் கழற்று. சாமான்: 10, 12, 14 மில்லி சாக்கெட், ராட்செட், ஒரு நீண்ட எக்ஸ்டென்ஷன், துருவுக்கு ஸ்பிரே, கம்பி பிரஷ், இரண்டு ஜாக் ஸ்டாண்டு. செம்பனைப் பக்கத்து ஈரமண்ணில் ஜாக் வைக்காதே, இறங்கிவிடும். பள்ளியின் சிமெண்டுத் தரையில் நிறுத்து. பின் சக்கரத்துக்குக் கல் கொடு. ஜாக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் தலையை நீட்டினால் நான் லாபிஸுக்கே வந்துவிடுவேன்.

எஞ்ஜின் ஆறட்டும். 10 மில்லியால் நெகட்டிவை முதலில் கழற்று. பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். வயர்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள். தடித்த கேபிளின் நட்டு பெரும்பாலும் 12 மில்லி. மெல்லிய வயரைச் சொருகின் பிடியில் பிடித்து இழு, வயரைப் பிடித்து இழுத்தால் பழைய பிளாஸ்டிக் உடைந்துபோகும். ஸ்டார்ட்டரைப் பிடித்திருப்பது இரண்டு 14 மில்லி போல்ட். ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் விடு. கை எட்டாத போல்ட்டை முதலில் எடு, சுலபமானதைக் கடைசியாக. அப்போதுதான் ஒரு கையால் தாங்கிக்கொண்டு இறக்கமுடியும். மூன்று நான்கு கிலோ இருக்கும், முகத்தில் விழக்கூடாது. இடையில் தகடு ஏதும் இருந்தால் அதே பக்கமாகத் திரும்ப வைக்கவேண்டும்.

அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, எஞ்ஜினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃபிளைவீலின் பல்லைப் பார். நான்கு சிலிண்டர் எஞ்ஜின் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே இரண்டு இடத்தில்தான் நிற்கும், அதனால் அந்த இரண்டு இடத்துப் பற்கள் மட்டும் தேயும். நான்காம் கியரில் போட்டு, ஸ்டாண்டிலிருந்து இறக்கியபின் காடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி முழுச் சுற்றையும் பார்க்கலாம். பல் மழுங்கியிருந்தால் புது ஸ்டார்ட்டரும் கொஞ்ச நாளில் 'கர்ர்' என்று கத்தும். அது கியர்பாக்ஸ் இறக்குகிற வேலை, அதை ஒர்க்‌ஷாப்பில் விடு.

பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டு போ. வீராவின் 1.5க்கு மிட்சுபிஷியின் 4ஜி15 எஞ்ஜின் என்பதால் ஹாஃப்கட் (பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும்) கடைகளில் கிடைக்கும், லாபிஸில் இல்லாவிட்டால் சிகாமட்டில் கேள். ஆட்டோ கியருக்கும் மேனுவல் கியருக்கும் ஸ்டார்ட்டர் வேறுபடலாம். பினியன் பல்லை எண்ணு, போல்ட் ஓட்டைகளின் தூரம், மூக்கின் நீளம், சொருகின் வடிவம் நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடு. கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல். பினியன் பட்டென்று வெளியே துள்ளிச் சுற்றவேண்டும், விட்டதும் உள்ளே போகவேண்டும். பிரஷ் மட்டும்தான் தேய்ந்தது என்றால் ஆட்டோ எலெக்ட்ரிக் கடையில் பிரஷ், புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) மாற்றித் தருவார்கள். என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் செய்வேன். ஹாஃப்கட்டில் வாங்குவதும் யாரோ ஓட்டிப் பழசாக்கியதுதானே.

பொருத்துமுன் கியர்பாக்ஸ் முகத்தையும் ஸ்டார்ட்டர் முகத்தையும் கம்பி பிரஷால் பளபளவென்று தேய். எர்த் அந்த வழியாகத்தான் போகிறது, அங்கே கிரீஸோ பெயிண்டோ வேண்டாம். இரண்டு போல்ட்டையும் விரலால் முழுக்க ஏற்றிவிட்டுப் பிறகு மாறி மாறி முறுக்கு, 30 நியூட்டன் மீட்டர் அளவு. செம்பு போல்ட்டின் நட்டுக்கு 10 போதும், பலம் காட்டினால் போல்ட் உள்ளே சுழன்று சொலினாய்டு போய்விடும். ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டு. நெகட்டிவ் கடைசியில்.

ஸ்டார்ட் செய்யும்போது பத்து வினாடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதே, அரை நிமிஷம் விட்டு மறுபடி முயற்சி செய். எஞ்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை இருக்கிறதா பார். குறைந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, பேட்டரி மறுபடி இறங்கிவிடும். மேலேயிருந்து எண்ணெய் ஒழுகி ஸ்டார்ட்டரில் சொட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள். எண்ணெய் உள்ளே போனால் பிரஷ் ஒட்டிக்கொள்ளும்.

அதுவரை பள்ளிக்குப் போக, பேட்டரி நன்றாக இருந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். சாவி ஆன், இரண்டாம் கியர், கிளட்சை மிதித்திரு. காடி வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டு, பிடித்தவுடன் மிதித்துவிடு. மாணவர்களைத் தள்ளச் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை மீட்டர் எண்களை எழுதி அனுப்பு: பேட்டரி, மெல்லிய வயர், இரண்டு செம்பு போல்ட், எர்த். அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாமா என்று சொல்கிறேன். அம்மா முறுக்கு அனுப்பியிருக்கிறாள், அதோடு என் 14 மில்லி சாக்கெட்டும் வருகிறது. அதைத் தொலைத்துவிடாதே.

அப்பா