கில்லட்டின் பிடிப் படங்களில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், எதிராளியின் கழுத்தை முன்னாலிருந்து கையால் சுற்றி நெரிக்கும் ஜியு-ஜிட்சுவின் கில்லட்டின் பிடியை நான்கு படங்களில் விளக்கியிருந்தீர்கள். முதல் மூன்று படங்களில் குறை சொல்ல அதிகம் இல்லை. நான்காவது, அதாவது பிடியை முடிக்கும் படம், தவறு. அதில் பிடித்திருப்பவர் கிணற்றில் நீர் இறைப்பவரைப் போல இரு கைகளையும் மேலே இழுத்துக்கொண்டு பின்னால் சாய்கிறார். ‘மூச்சுக்குழாயை இறுக்கவும்’ என்று கீழே குறிப்பு வேறு. மொட்டைமாடியில் இதைச் செய்து பார்க்கும் பையன்களுக்குக் கழுத்து பிசகுமே தவிர, பிடி விழாது.

முதலில், அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்பது. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனிகள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் அமுங்கினால் 10 வினாடி அளவில் நினைவு தப்பிவிடும். அதற்கு முன்பே எதிராளி கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வார். நடுவில் இருக்கும் குரல்வளையை அழுத்தினால் வலியும் இருமலும் வரும், குருத்தெலும்பு நசுங்கும். பிடிவாதக்காரர் அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவார். பின்னால் சாய்ந்து இழுக்கும்போது மணிக்கட்டு எலும்பு போய் உட்காருவது சரியாக இந்த நடு இடத்தில்தான்.

கில்லட்டினும் அதன் உறவுப் பிடிகளும் கிடைக்கும் ஃப்ரன்ட் ஹெட்லாக்கிலிருந்து, அதாவது எதிராளியின் தலையை முன்னாலிருந்து அடக்கிப் பிடிக்கும் நிலையிலிருந்து, தொடங்குவோம். எதிராளி காலைப் பிடிக்கப் பாய்கிறார். நாம் இடுப்பைப் பின்னுக்கு எறிந்து ஸ்ப்ரால் செய்து அவரை முட்டிபோட வைத்துவிட்டோம். நம் வலது உள்ளங்கை குழிந்து அவர் மோவாயைத் தாங்குகிறது. இதைத்தான் சின் ஸ்ட்ராப் என்கிறோம். இடது கை அவருடைய வலது முழங்கைக்குச் சற்று மேலே பிடித்திருக்கிறது. நம் நெஞ்சு அவர் பிடரிமேல். நம் முட்டி பயிற்சி விரிப்பில் படக்கூடாது. கால்விரல்களில் நின்றால்தான் எடை முழுக்கப் பிடரியில் இறங்கும்.

இங்கேயே அவசரப்பட்டுக் கழுத்தைக் கட்டிக்கொள்வதுதான் புதியவர்கள் செய்வது. கொஞ்சம் பொறுத்தால் எதிராளியே வழி விடுவார். முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சுற்றிவந்து முதுகைப் பிடிக்கலாம். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் அதற்கே 2 புள்ளி. அதைத் தடுக்க அவர் கையை வெளியே ஊன்றினால் அக்குள் திறக்கும். முதுகுக்குப் போகப் போகிறோம் என்ற பயம் அவருக்கு இல்லையென்றால் அந்த அக்குள் திறக்கவே திறக்காது.

திறந்த அக்குளில் அனகோண்டா, டார்ஸ் என்று இரண்டு நெரிப்புப் பிடிகள் உண்டு. அனகோண்டாவில் நம் வலது கை கழுத்தின் அடியில் நுழைந்து அவருடைய வலது அக்குள் வழியாக வெளியே வரும். வந்த கை நம் இடது பைசெப்ஸை, அதாவது மேற்கையின் முன்தசையைப் பிடிக்கும். டார்ஸில் இது தலைகீழ்: நம் இடது கை அவர் வலது அக்குளில் நுழைந்து, கழுத்தைக் கடந்து, அந்தப் பக்கம் வெளியேறி வலது கையின் முழங்கை மடிப்பில் போய் உட்காரும். இரண்டிலும் மாட்டுவது அவருடைய வலது கைதான். அவர் கழுத்தின் வலப்பக்கத்தை அவருடைய சொந்தத் தோளே அழுத்துகிறது, இடப்பக்கத்தை நம் கை அழுத்துகிறது. பாதி வேலையை எதிராளியின் தோள் செய்வதால்தான் இந்தப் பிடிகளுக்குப் பெரிய கை பலம் தேவையில்லை.

ஆனால் அந்தத் தோள் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு, பெரும்பாலானோர் கோட்டை விடுவதும் இங்கேதான். மாட்டிய கையின் முழங்கை அவர் மூக்குக்கு நேராக வந்து, நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போயிருக்க வேண்டும். விலாவை ஒட்டி வெளியிலேயே நின்றால் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். நாம் எவ்வளவு இறுக்கினாலும் அவர் மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருப்பார். ஆகவே பூட்டுவதற்கு முன் அந்த முழங்கையை நம் நெஞ்சாலோ இடது கையாலோ உள்ளே தள்ளுங்கள். பிறகு பூட்டுங்கள்.

அடுத்தது கை நுழையும் ஆழம். முன்கையின் நடுப்பகுதி கழுத்தடியில் இருந்தால் போதாது. மணிக்கட்டு தாண்டி வெளியே வந்திருக்க வேண்டும். கை எட்டவில்லையென்றால் கையை மட்டும் நீட்டிப் பயனில்லை. நம் தோளை விரிப்பை நோக்கி இறக்கினால் இன்னும் நாலு விரல்கடை கிடைக்கும். குட்டைக் கை உள்ளவர்கள் டார்ஸை நினைத்து ஏங்குவதைவிட அனகோண்டாவைப் பழகிக்கொள்வது மேல். பைசெப்ஸ் எட்டாதபோது உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்தும் பூட்டலாம், பிடி சற்றுத் தளர்வாக இருக்கும், அவ்வளவுதான்.

முடிப்பது எப்படி? அனகோண்டாவில் மாட்டிய கையின் பக்கமாக எதிராளியோடு சேர்ந்து உருண்டு, பிறகு நம் கால்களை அவர் கால்களை நோக்கிச் சிறு சிறு அடியாக நடத்த வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் நம் உடம்பு வளைந்து வளையம் சுருங்கும். டார்ஸில் அவரைப் பக்கவாட்டில் சாய்த்து, மாட்டிய தோளை நம் நெஞ்சு அவர் கழுத்துக்குள் தள்ளும்படி இடுப்பைத் தரையில் இறக்க வேண்டும். கடைசியில் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை இழுத்து நெஞ்சை விரித்தால் போதும்.

இனி உங்கள் படத்தில் வந்த கில்லட்டின். முழங்கையை உயர்த்திச் செய்யும் வகையைப் பிரபலமாக்கியவர் பிரேசிலின் மார்செலோ கார்சியா. 2003, 2005, 2007, 2011 ஆண்டுகளில் ஏடிசிசி என்னும் உலக அளவிலான பிடிச்சண்டைப் போட்டியில் பட்டம் வென்றவர். வலது கை கழுத்தடியில், உள்ளங்கை நம் நெஞ்சைப் பார்த்து இருக்கும். இடது முன்கை அவருடைய வலது தோளுக்கு மேலாக வந்து வலது மணிக்கட்டைப் பிடிக்கும். இடது முழங்கை உயரத் தூக்கியிருக்கும். வலது இடுப்பில் சரிந்து படுத்து, இடது காலை அவர் முதுகின் கீழ்ப்பகுதியில் போட வேண்டும். அந்தக் கால் இல்லையென்றால் அவர் நம் இடப்பக்கம் தாவித் தப்பிவிடுவார். பிறகு வயிற்றை ஒடுக்கி, அவர் தலையின் பின்பகுதியை நெஞ்சால் மூடி, முன்னால் சுருள வேண்டும். பின்னால் சாயவே கூடாது.

அவர் இடப்பக்கம் தாவிவிட்ட பிறகும் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது வீண் வீம்பு. அவர் தோளை நம் கழுத்தில் ஊன்றினால் நெரிபடுவது நாம்தான். ஜேசன் வான் ஃப்ளூ என்ற வீரரின் பெயரால் வழங்கும் இந்த எதிர்ப்பிடியால் யுஎஃப்சி என்னும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் ஒவின்ஸ் செயின்ட் ப்ரூ பலமுறை வென்றிருக்கிறார். தலை விடுபட்டால் கையை எடுத்துவிட்டு வேறு நிலைக்குப் போக வேண்டும்.

மோவாயை ஒடுக்கிக்கொள்பவரிடம் இன்னொரு சிக்கல். முன்கை தாடையில் உட்கார்ந்தால் பல்லும் உதடும் நசுங்கும், கழுத்து திருகும். பயிற்சியில் அப்படி இறுக்கி ‘தட்ட வைத்தேன்’ என்று பெருமைப்படுவதில் எனக்கு மரியாதை இல்லை. நெரிப்பு இல்லாத முதுகெலும்புத் திருகல் ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிகளிலும் தடை. சின் ஸ்ட்ராப் கையால் முதலில் மோவாயைத் தூக்கி, அந்த இடைவெளியில் மணிக்கட்டை நுழைப்பதுதான் வழி. தூக்க முடியவில்லையா, முதுகுக்குப் போய்விடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால் ஐந்து எண்ணுவதற்குள் எதிராளி தட்டுவார். பத்து எண்ணியும் தட்டவில்லையென்றால் நிலையில் பிழை; மேலும் இறுக்கினால் முன்கை மரத்துப்போய் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு எந்தப் பிடியும் நிற்காது. பாதி தளர்த்தி, முழங்கையையும் இடுப்புக் கோணத்தையும் திருத்துங்கள்.

படங்களை மீண்டும் அச்சிடுவதானால், தட்டியதும் விட வேண்டும் என்பதை முதல் படத்துக்கும் மேலே போடுங்கள். கை மாட்டியிருந்தால் காலாலும் தட்டலாம், வாயாலும் சொல்லலாம். நினைவு தப்பியவரைத் தரையில் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்து, ஒருக்களித்துத் திருப்ப வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் கண் திறப்பார். திறக்காவிட்டாலோ, பிறகு குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, ஒரு பக்கக் கழுத்து வலியோடு தலைவலி வந்தாலோ உடனே மருத்துவமனை. நெரிப்புக்குப் பின் கரோடிட் தமனியின் உட்சுவர் கிழிந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிறு குழந்தைகளின் பிரிவுகளில் ஐபிஜேஜேஎஃப் கில்லட்டினையே அனுமதிப்பதில்லை என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

நான்காவது படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கத்திலிருந்து எடுத்தால் மணிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதும், கால் முதுகில் கிடக்கிறதா என்பதும் தெரியாது.

ஜியு-ஜிட்சு பயிற்றுநர்,
கோயம்புத்தூர்