யூனிவர்சல் பங்கு வாங்கப் போகிறாயாமே

ஹட்டன்

அன்புள்ள மகளுக்கு,

யூனிவர்சல் மியூசிக் பங்கு வாங்கலாமா என்று நீ கேட்கும்போதே போன் வெட்டுப்பட்டுவிட்டது. மூன்று நாளாக விடாத மழை, சிக்னலே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

"பாட்டுக் கம்பெனியிடம் என்ன இருக்கு, மிஷினா?" என்று அம்மா கேட்டாள். பழைய பாட்டுகளின் உரிமைதான் இருக்கிறது. நம் நாலாம் நம்பர் மலையில் வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை இன்னமும் கொழுந்து தருகிறதே, அது மாதிரி.

ஆனால் களவும் போகும். டவுன் கடையில் வெறும் கெசட்டையும் இருபது பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். நாடா சிக்கினால் பென்சிலால் சுற்றி எடுப்பேன். கம்பெனிக்கு ஒரு சதம் போயிருக்காது. பிறகு இன்டர்நெட்டில் உலகமே அதைச் செய்தது. 1999க்குப் பிறகு பதினைந்து வருடம் தொழில் படுத்துக் கிடந்தது. சந்தா கட்டிக் கேட்கும் பழக்கம் வந்துதான் நிமிர்ந்தது. 2024இல் உலகம் முழுக்கப் பதிவிசை வருமானம் 2,960 கோடி டொலர்; அதில் 69 வீதம் ஸ்ட்ரீமிங், அதாவது இன்டர்நெட்டில் நேரடியாகக் கேட்பது.

இனித்தான் யோசிக்க வேண்டும். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஈரம் என்று இரண்டு கிலோவைக் கழித்து எழுதுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? இங்கேயும் தராசு, பாட்டுக் கேட்க வைக்கும் ஸ்பொட்டிஃபை, குட்டி வீடியோ காட்டும் டிக்டொக் போன்ற செயலிகளின் கையில். ஆனால் பாட்டுக் கம்பெனி நம் ஆட்களைப் போல வாய் மூடி நிற்பதில்லை. ஸ்பொட்டிஃபை வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமைக்காரர்களுக்கே போகிறது. 2024இல் யூனிவர்சல்காரர்கள் டிக்டொக்கோடு முறுகி, மூன்று மாதம் பாட்டே கொடுக்காமல் இருந்தார்கள். அந்தத் தைரியம் எனக்குப் பிடித்தது.

விலைதான் எனக்கு உறுத்துகிறது. 2021 செப்டெம்பரில் அம்ஸ்டர்டாம் சந்தைக்கு வந்தபோது குறித்த விலை 18.50 யூரோ; முதல் வியாபாரமே 25ஐத் தாண்டியது. 2024 ஜூலையில் ஒரே நாளில் கால்வாசி விழுந்தது. வருமானம் குறையவில்லை, சந்தா எதிர்பார்த்த வேகத்தில் கூடவில்லை, அவ்வளவுதான். நானும் ஜன்னலில் தெரியும் தோட்டம்தானே என்று ஒரு தோட்டக் கம்பெனிப் பங்கை உச்ச விலையில் வாங்கினேன். கொழுந்து வந்தது, என் காசு வரவில்லை. அம்மாவுக்கு இன்னும் முழுக் கணக்கும் சொல்லவில்லை.

சோனியிடமும் பாட்டுக் கம்பெனி இருக்கிறது, ஆனால் அது வேண்டாம், பாட்டோடு கமராவும் கேம் பெட்டியும் சேர்ந்தே வரும்.

சரி, கடைசி ஆண்டறிக்கையில் சந்தா வருமானம் எவ்வளவு கூடியது, ஒரு பங்குக்கு லாபம் எவ்வளவு என்று பார்த்து எழுது. அப்புறம் விலையைப் பேசுவோம். அங்கே குளிருக்கு அந்த நீல ஸ்வெட்டர் போதுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா