கால் அங்குலம் கூடிய வீடு

ரிச்மண்ட், வர்ஜீனியா

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கு நலம். அம்மாவுக்குக் கால்வலி தேவலையா? இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதற்குமேல் தெருவில் ஆள் நடமாட்டம் இராது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருகிறவர்களும் கிடையாது. ஆகவே நிறையப் படிக்கிறேன்.

நகர நூலகத்தில் எடுத்த 'ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்' பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். மார்க் இசட். டேனியலெவ்ஸ்கி எழுதி 2000-இல் வெளிவந்த நாவல், 700 பக்கங்களுக்கு மேல். கதையில் வரும் வீடும் இதே வர்ஜீனியாவில்தான் இருக்கிறது. ஒரு புகைப்படக்காரர் குடும்பத்தோடு அங்கே குடிவருகிறார். அளந்து பார்த்தால், வீட்டின் உள்ளளவு வெளியளவைவிடக் கால் அங்குலம் அதிகம்! எத்தனை முறை அளந்தாலும் கணக்கு ஒத்துவரவில்லை. பிறகு கூடத்துச் சுவரில் ஒரு கதவு முளைக்கிறது. அதற்குள் முடிவே இல்லாத இருட்டு, குளிர். நம் ஊர்ப் பேய்க்கதையில் புளியமரத்தைச் சுற்றிப் போனால் தப்பிக்கலாம். இவர்கள் எங்கே போவார்கள்? இங்கே வீடுகள் மரச்சட்டத்தில் கட்டியவை. சுவரைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் ஒலிக்கும், ஹீட்டர் ஓடினால் பலகைகள் கிரீச்சிடும். அப்படி ஒரு வீட்டில் நள்ளிரவில் இதைப் படித்தேன், அக்கா.

படிப்பதும் எளிதல்ல. பார்வையற்ற ஒரு முதியவர், அந்த வீட்டைப் பற்றிய, உண்மையில் இல்லாத ஒரு திரைப்படத்தைப் பற்றி ஆய்வு எழுதிவிட்டு இறந்துபோகிறார். அந்தத் தாள்கள் பச்சை குத்தும் கடையில் வேலை செய்யும் இளைஞன் கையில் கிடைக்கின்றன. அவன் அடிக்குறிப்புகளில் தன் கதையை எழுதிக்கொண்டே போகிறான். இருட்டுக்குள் ஆட்கள் இறங்கும்போது ஒரு பக்கத்தில் நாலைந்து சொற்களே நிற்கும். சில இடங்களில் புத்தகத்தையே திருப்பிப் பிடிக்க வேண்டும். பக்கம் பக்கமாக நீளும் பெயர்ப் பட்டியல்கள் மட்டும் வெறும் பிடிவாதம் என்பேன்.

என்னை உலுக்கியது அந்த இளைஞனின் தாய் மனநலக் காப்பகத்திலிருந்து அவனுக்கு எழுதும் கடிதங்கள். தன் கடிதங்களைப் பிறர் படிக்கிறார்கள் என்று அஞ்சி, அடுத்ததில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் கூட்டிப் படி என்கிறாள். பென்சிலோடு உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சேர்த்தேன். அவள் சொல்லியிருப்பதை இங்கே எழுத மனம் வரவில்லை. அன்றிரவே அம்மாவுக்குப் போன் செய்தேன், ஏன் என்று சொல்லவில்லை.

ஆங்கிலம் நடத்துகிற நீ இதை அவசியம் படி. வண்ணப் பதிப்பாகப் பார்த்து வாங்கு. அதில் 'வீடு' என்ற சொல் வரும் இடமெல்லாம் நீலத்தில் இருக்கும். முடித்ததும் எழுது, அந்தத் தாயைப் பற்றி உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது.

அன்புடன்,
உன் தம்பி