பயிற்சியாளர் கொண்டுவந்தது கிளப்பிடம் தங்க வேண்டும்: அண்ணாச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டக் கால்பந்து லீக்கில் நம் கிளப் இந்தப் பருவத்தில் ஆடிவரும் ஆட்டத்தைப் பற்றி உங்களிடம் நேரிலேயே பேசியிருக்கலாம். ஆனால் செயலாளர் என்ற முறையில் உங்களைச் சந்திக்கிறவர்கள் எல்லோரும் வெற்றியைப் பாராட்டிவிட்டுப் போகும் இந்த நாட்களில், நான் சொல்ல நினைப்பதை மைதானத்து வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க இயலாது. வ.உ.சி. மைதானத்தில் நம் பையன்களின் ஆட்டத்தைப் பார்க்க வரும் மற்றவர்களும் படிக்கட்டும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

புதிய பயிற்சியாளர் பொறுப்பேற்ற பிறகு அணி முன்னேறியிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த முன்னேற்றத்தைப் புள்ளிப் பட்டியலில் மட்டும் பார்ப்பது போதாது. சென்ற ஆண்டு நாம் தோற்ற ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் கோல் வாங்கினோம். பையன்களுக்குத் துணிச்சல் இல்லை என்று கமிட்டியில் பேசப்பட்டது. உண்மையில் ஒர்க்‌ஷாப்பிலும் கடையிலும் வேலை முடித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் நேராக மைதானத்துக்கு வந்தவர்கள் அவர்கள். இவர் வந்ததும் செய்த முதல் காரியம் பயிற்சியைக் காலைக்கு மாற்றியதும், ஆட்ட நாட்களில் இரண்டு மணி நேரம் முன்பே எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பிடச் செய்ததும்தான். இந்தப் பருவத்தில் கடைசிக் கால் மணி நேரத்தில் நாம் கோல் அடிக்கிறோம். இதில் மாயம் எதுவும் இல்லை; காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்த ஒருவருடைய உழைப்புதான் இருக்கிறது.

களத்திலும் அப்படித்தான். மேலப்பாளையத்துப் பையனை வலது விங்கிலிருந்து எடுத்து நடுக்களத்துக்குக் கொண்டுவந்ததை முதல் ஆட்டத்தில் நம்மில் பலர் ஏற்கவில்லை. விங்கில் நின்றபோது பந்துக்காகக் காத்திருந்தே பாதி ஆட்டத்தைக் கழித்தவன், இப்போது பந்தைப் பிடுங்குகிற இடத்திலேயே நிற்கிறான். கோல்கீப்பர் பந்து கையில் கிடைத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நிற்கும் பேக்கிடம், அதாவது தடுப்பாட்டக்காரரிடம், உருட்டிவிடுகிறான். புதிதாக ஓர் ஆட்டக்காரரைக்கூட வெளியிலிருந்து கொண்டுவராமல், இருப்பவர்களை இடம் மாற்றி நிறுத்தியே இவ்வளவும் நடந்திருக்கிறது.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2019-20 பருவத்தின் சென்னையின் எஃப்.சி. அணி நினைவுக்கு வருகிறது. நீங்களும் அந்தப் பருவத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். 2017-18இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பையை வென்று கொடுத்த ஜான் கிரகரி, அடுத்த பருவத்தில் அணி கடைசி இடத்துக்குச் சென்ற பிறகும் பயிற்சியாளராக நீடித்தார். 2019-20இன் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது ஒரே ஒரு வெற்றி, 5 புள்ளிகள், 4 கோல்கள். நவம்பர் இறுதியில் கிரகரி விலகினார். டிசம்பர் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஓவன் காய்ல் வந்தார்.

காய்ல் வந்தவுடன் வெற்றி மழை பொழிந்துவிடவில்லை என்பதை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் ஆட்டம் ஜாம்ஷெட்பூரில் 1-1 என்று முடிந்தது. கையிலிருந்த வெற்றி கடைசி நிமிடங்களில் நழுவியது. கேரளா பிளாஸ்டர்ஸை 3-1 என்று வென்ற கையோடு கோவாவிடம் 3-4 என்று தோற்றார்கள். புத்தாண்டு பிறந்ததும் ஒடிசாவிடமும் 0-2 என்று தோல்வி. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிற கமிட்டியாக இருந்தால் அன்றே முணுமுணுப்பு தொடங்கியிருக்கும். ஆனால் கோவாவுடனான அந்தத் தோல்வியைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும். பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட அடிக்காத அதே ஆட்டக்காரர்கள், லீக்கின் மிகச் சிறந்த அணிக்கு எதிராக ஒரே மாலையில் மூன்று கோல் அடித்திருந்தார்கள். ஒரு பயிற்சியாளரின் தொடக்க நாட்களை எடைபோட வேண்டுமானால் வென்றதை விட்டுவிட்டு இப்படித் தோற்ற ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வெற்றியில் அதிர்ஷ்டம் கலந்திருக்கலாம். எப்படித் தோற்றார்கள் என்பதில் பயிற்சியாளரின் கை தெளிவாகத் தெரிந்துவிடும்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவர் பொறுப்பில் ஆடிய 12 லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 3 சமன், 2 தோல்வி, 28 கோல்கள். கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று வென்ற ஆட்டத்தை இன்றும் நம் தேநீர்க் கடைகளில் பேசுகிறார்கள். ரஃபேல் கிரிவெல்லாரோவை முன்வரிசைக்குப் பின்னால் சுதந்திரமாக உலவவிட்டு, சாங்தேவைப் பக்கவாட்டிலிருந்து ஓடவிட்டு, அனிருத் தாப்பாவை நடுவில் நம்பி, நெரியஸ் வால்ஸ்கிஸ் கோல் அடிக்கத் தோதான இடத்துக்குப் பந்தைக் கொண்டுசேர்த்தார். இவர்கள் எல்லோரும் கிரகரி காலத்திலேயே அணியில் இருந்தவர்கள். வால்ஸ்கிஸ் அந்தப் பருவத்தை 15 கோல்களோடு முடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைப் பெற்றார். லீக்கை 29 புள்ளிகளோடு நான்காம் இடத்தில் முடித்து, அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து அதே கோவாவை 6-5 என்ற கணக்கில் வென்று, 2020 மார்ச் 14 அன்று ஆளில்லாத ஃபதோர்டா மைதானத்தில் இறுதியாட்டம் ஆடினார்கள். கொரோனா அச்சத்தால் பார்வையாளர்களை அனுமதிக்கவில்லை. கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றாலும், டிசம்பரில் இருந்த நிலையிலிருந்து மார்ச்சில் அங்கே போய் நின்றதே பெரிய காரியம்.

அண்ணாச்சி, நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் காய்ல் ஜாம்ஷெட்பூரின் பயிற்சியாளரானார். வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். சபா லாஸ்லோ என்ற புதிய பயிற்சியாளரோடு சென்னையின் எஃப்.சி. 2020-21 பருவத்தை ஆடியது. கிரிவெல்லாரோ காயத்தால் பாதியிலேயே விலக நேர்ந்தது உண்மைதான். ஆனாலும் 20 ஆட்டங்களில் 17 கோல்கள்தான், 3 வெற்றிகள்தான், எட்டாம் இடம்தான். முந்தைய பருவத்தில் 12 ஆட்டங்களில் 28 கோல் அடித்த கிளப்பின் நிலை அது. காய்லோ 2021-22இல் 43 புள்ளிகள் பெற்று ஜாம்ஷெட்பூருக்கு லீக்கில் முதலிடம் பெறும் அணிக்கான ஷீல்டையே வாங்கிக் கொடுத்தார். சென்னையில் அந்த மூன்று மாதத்தில் விளைந்தது சென்னையில் தங்கவில்லை, கொண்டுவந்தவரோடு கிளம்பிவிட்டது. 2023இல் அவரையே திரும்ப அழைத்துவந்தார்கள். முதல் பருவத்தில் ஆறாம் இடம் பிடித்துப் பிளே-ஆஃப் வரை சென்ற அணி, அடுத்த பருவத்தில் பதினொன்றாம் இடத்துக்கு இறங்கியது. ஒரு தடவை விட்டதை அதே ஆளை வைத்துக்கூட மீட்பது எளிதல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதை இன்னும் வருத்தமானது. ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் 2017-18இல் எட்டாம் இடத்தில் முடித்த அந்த அணி, சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸின் பொறுப்பில் அடுத்த பருவத்திலேயே 43 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது. 21 கோல் அடித்த பெட்ரோ மான்சி பிறகு ஜப்பானுக்குப் போனார், நவாஸும் போனார், சில ஆண்டுகளுக்குள் அந்தக் கிளப்பையே களத்தில் காணவில்லை. அந்தச் சாம்பியன் அணியில் ஆடிய எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கு மாறி, அடுத்த ஆண்டு காய்லின் இறுதியாட்ட அணியிலும் இருந்தார். ஆட்டக்காரர்கள் எங்கேயாவது பிழைத்துக்கொள்கிறார்கள். கிளப்தான் காணாமல் போகிறது.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒரு கிளப்பையும் சொல்ல வேண்டும். 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு யூர்கன் கிளாப் வந்தபோது முதல் ஆட்டம் டாட்டன்ஹாமுடன் 0-0. அந்தப் பருவத்தில் லீக்கில் எட்டாம் இடம். லீக் கோப்பை இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் பெனால்டியில் தோல்வி. யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் செவில்லாவிடம் 3-1 என்று தோல்வி. கையில் ஒரு கோப்பையும் இல்லை. ஆனால் அவர் வந்து ஓராண்டுகூட முடியாத 2016 ஜூலையில், 2022 வரைக்குமான ஒப்பந்தத்தை அந்தக் கிளப் அவருக்குக் கொடுத்தது. 2019இல் சாம்பியன்ஸ் லீக்கும், 30 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு 2020இல் லீக் பட்டமும் வந்தன. அவர்களிடம் இருந்த பணம் நம்மிடம் இல்லை என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. ஆனால் முன்னேற்றத்தைக் கண்டவுடன், அது கோப்பையாக மாறும்வரை காத்திராமல் ஆளை நிறுத்திக்கொண்டார்களே, அந்த முடிவை எடுப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை.

நம் தாமிரபரணிக் கரையில் மழைக்கு முன்பே கால்வாயைத் தூர்வாரி மடையைப் பழுது பார்த்து வைத்த ஊரின் குளந்தான் நிறையும். மற்ற ஊர்களுக்கு வந்த தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடலோடு கலந்துவிடும். நம் கிளப்புக்கு இப்போது தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

எனவே சில காரியங்களை இந்தப் பருவம் முடிவதற்குள்ளாகவே செய்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பயிற்சியாளரோடு அடுத்த இரண்டு பருவங்களுக்கும் இப்போதே எழுத்தில் பேசி முடிக்க வேண்டும். அவர் கடற்கரை ஊரிலிருந்து பேருந்தில் வந்துபோகிறார். அந்தச் செலவையும் இதுவரை தன் கையிலிருந்தே போடுகிறார் என்று பையன்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். துறை அணியில் ஆடி ஓய்வுபெற்ற மனிதர். வாய்விட்டுக் கேட்க மாட்டார். குமரிக் கடற்கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் ஐ.எஸ்.எல். வரைக்கும் சென்ற பிறகு, தென்கோடியில் நல்ல பயிற்சியாளர்களைத் தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வேறொரு கிளப் இவரைக் கூப்பிட்டால் நாம் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, அவர் செய்வதை நம் ஆட்கள் கற்றுக்கொள்வது. ஒவ்வொரு பயிற்சிக்கும் முந்தைய இரவு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாரே, அதன் படி ஒன்று கிளப்பில் இருக்க வேண்டும். முன்னாள் கேப்டனை இந்தப் பருவத்தில் அவர் முதல் பதினொருவரில் சேர்ப்பதில்லை; அதனால் அவனுக்கு வருத்தம் இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அவனைத் துணைப் பயிற்சியாளராக அவரோடு நிறுத்துங்கள். ஆட்டத்தை அறிந்தவன், பையன்கள் மதிக்கிறவன், இந்த ஊரை விட்டு எங்கேயும் போகாதவன். பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களும் கோல்கீப்பரிடமிருந்து பந்தை உருட்டி ஆரம்பிக்கும் அதே ஆட்டத்தை இப்போதே பழகட்டும். இரண்டு மூன்று ஆண்டில் அவர்கள் பெரிய அணிக்கு வரும்போது புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது குறைவாக இருக்கும். சாப்பாட்டுச் செலவுக்கு நன்கொடையாளர் ஒருவரை நம்பியிருப்பதை விட்டுவிட்டு, உறுப்பினர் சந்தாவைக் கொஞ்சம் உயர்த்தி அதிலிருந்து மாதந்தோறும் ஒதுக்கும் ஏற்பாடு வேண்டும். நல்ல மனம் படைத்த அந்த நன்கொடையாளரே இதை விரும்புவார்.

இனிமேல் தோல்வி வரும். ஐப்பசி மழையில் மைதானம் சேறானால் நம் தரைப் பாஸ் ஆட்டம் திணறும். உயரமான ஸ்டாப்பர்களை வைத்துப் பந்தைத் தூக்கியடித்து ஆடும் அணிகள் அப்போது நம்மை வெல்லக்கூடும். அந்த வாரங்களில் கமிட்டியில் சிலர் பழைய ஆட்டத்துக்கே திரும்பச் சொல்வார்கள். கிளப் மீது உள்ள பிரியத்தில்தான் சொல்வார்கள். ஆனால் முடிவைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுமாறு அன்றைக்கு அவர்களிடம் சொல்லக்கூடியவர், எல்லோரும் கேட்கக்கூடியவர், நீங்கள் ஒருவர்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டிக் கூட்டத்தில் பயிற்சியாளரின் இரண்டு பருவ ஒப்பந்தத்தையும், அவருடைய பயணச் செலவையும், துணைப் பயிற்சியாளர் நியமனத்தையும் ஒரே தீர்மானமாக நீங்கள் முன்மொழிய வேண்டும். வழிமொழிய நான் வருகிறேன். சந்தா உயர்வுக்கு என் வீட்டிலிருந்து முதல் கையெழுத்தும், அடுத்த ஆண்டுக்கான தொகையும் அன்றைக்கே உங்கள் கையில் கிடைக்கும்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி,
பாளையங்கோட்டை