மாசிச் சாய்ப்பின் புகையையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லைக் கடற்கரைக் கருவாடு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நெத்திலி, சாளை, வாளை, உப்பு, வெயில், வியாபாரம் எல்லாம் இருந்தது. அடுப்பு மட்டும் இல்லை. கருவாடு என்றால் வெயிலில் காய்வது என்று கட்டுரையாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சூரை மீனை வேகவைத்துக் காயவைக்கிற மாசிக் கருவாட்டுக்கு வெயில் மட்டும் போதாது, நெருப்பும் புகையும் வேண்டும். அந்த நெருப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

என் அம்மா உவரிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் மாசி போட்டவர். இப்போது அந்தச் சாய்ப்பில் (மாசி போடுகிற ஓலைக் கொட்டகையில்) என் மதினி நிற்கிறாள். மாசி என்ற பெயருக்கும் மாசி மாதத்துக்கும் சம்பந்தம் கிடையாது. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் மீனுக்கு ‘மஸ்’ என்று பேர். பக்குவம் அங்கிருந்து வந்தபோது பேரும் கூடவே வந்துவிட்டது.

சூரை சீக்கிரம் கெடுகிற மீன். வல்லம் (படகு) நிறைய மீன் வந்து விலை விழுந்த நாளில் அதைக் காப்பாற்ற மாசியை விட்டால் வேறு வழி இல்லை. தலையும் குடலும் எடுத்து, முள்ளை நீக்கி, நீளவாக்கில் நாலு துண்டாக அரிந்து, உப்புத் தண்ணீரில் கிடாரத்தில், அதாவது பெரிய அண்டாவில், வேகவைக்க வேண்டும். வெந்த துண்டுகளை வடித்துப் பரணில் அடுக்கி, கீழே கதம்பையைப் பற்றவைத்துப் புகைமூட்டம் போட வேண்டும். (தேங்காய் மட்டையைத்தான் நாங்கள் கதம்பை என்போம்.) அப்புறம் வெயில், மறுபடி புகை, மறுபடி வெயில். நாள்கணக்கில் இப்படிச் செய்தால் துண்டு மரக்கட்டை போல இறுகும். அம்மா இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். ‘டக்’ என்று கட்டைச் சத்தம் வந்தால் ஆயிற்று. முறித்தால் உள்ளே கருஞ்சிவப்பாக மின்ன வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கில் ஐந்தாறு கிலோ சூரை போட்டால் ஒரு கிலோ மாசி தேறும்.

வேகவைக்க ஒரு விறகு, புகைக்க ஒரு விறகு. கிடாரத்துக்கு நின்று எரிகிற விறகு வேண்டும். பண்டு அதற்கு உடை மரம் இருந்தது. குடை விரித்த மாதிரி தேரியில், செம்மணல் மேட்டில், நிற்குமே, அந்த மரம். காய்ந்த கொப்புகளை மட்டும் ஒடித்துச் சுமந்து வருவார்கள். பனையேறிகள் பதநீர் காய்ச்சுகிற விடிலிக் குடிசையிலிருந்து பனைமட்டையும் சில்லாட்டை என்கிற பனை நார்வலையும் வரும். ஒரு கை கருவாடு கொடுத்தால் ஒரு சுமை மட்டை. பனை குறைந்த பிறகு அந்த வரத்தும் நின்றது. மிச்சம் இருக்கிற பனையேறிகளுக்கே பதநீர் காய்ச்ச விறகு போதவில்லை.

இப்போது மதினி விறகைக் கடையில்தான் எடைபோட்டு வாங்குகிறாள். எல்லாம் சீமைக்கருவேலம். அதுவும் கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போனது போக மிச்சம் வருவது, பாதி பச்சை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் முழுக்க ஈரம். ஈர விறகில் சூட்டில் ஒரு பங்கு தண்ணீரை விரட்டவே போய்விடும். எரியாமல் புகையும். வெயில் இல்லாத அந்த நாட்களில்தான் மூட்டமும் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். ஓலைச் சாய்ப்புக்குள் ஒரு அடி தள்ளி நிற்கிற ஆள் தெரியாது. சின்ன வயசில் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவேன். “கண்ணு எரியலன்னா மூட்டம் பிடிக்கலன்னு அர்த்தம்ளா” என்பார் அம்மா.

மூன்று வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கூடவே விடாத இருமல். ஆஸ்பத்திரியில் டாக்டர் அக்கறையாகத்தான் கேட்டார்: “வீட்ல விறகு அடுப்பாம்மா?” அம்மா உடனே, “இல்ல சார், கேஸு வந்து ரொம்ப நாளாச்சு” என்றார். அது உண்மைதான். டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவின் சேலையிலிருந்து கதம்பைப் புகை வாசம் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பு என்றால் சோறு பொங்குகிற அடுப்பு என்றுதான் கேட்டவரும் நினைத்தார், பதில் சொன்னவரும் நினைத்தார். முப்பது வருஷப் புகை அந்தச் சீட்டில் ஏறவே இல்லை.

இதை நான் ஒரு குடும்பத்துக் கதையாகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் எரியும் விறகு, சாணி, கரிப் புகையால் 2020-ல் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தக் கணக்கும் சமையலறையைப் பற்றியதுதான். ஏழைப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தர 2016-ல் தொடங்கிய உஜ்வாலா திட்டமும் சமையலறைக்குத்தான். அது வந்தது நல்லது, ஆயிரம் தடவை நல்லது. ஆனால் வீட்டு சிலிண்டரைத் தொழிலுக்கு எடுக்கக் கூடாது. கடை சிலிண்டரை வாங்கிக் கிடாரத்தைக் கொதிக்கவிட்டால் மாசி விற்று கையில் ஒன்றும் நிற்காது. தவிர, கேஸில் புகை வராது, மாசிக்குப் புகை வேண்டும். ஐரோப்பாவில் புகைத்த மீனில் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்ப் பொருள் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2014 முதல் விதி. தின்பவர்களுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பரணுக்குக் கீழே குனிந்து ஊதுகிற பெண்ணுக்கு என்ன அளவு?

எங்கள் பக்கம் ஒரு தடவை பெண்களுக்கென்று சிமெண்ட் கொட்டகை கட்டித் தந்தார்கள். தகரக் கூரை, இரும்புக் கதவு, நல்ல தரை. புகை போக ஒரு துவாரம் இல்லை. இரண்டு நாள் மூட்டம் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஓலைச் சாய்ப்புக்கே வந்துவிட்டார்கள். இப்போது அதில் வலை கிடக்கிறது. கட்டும் முன் மாசி போடுகிற ஒரு பெண்ணைக் கேட்டிருந்தால் போதும்.

கேட்டுச் செய்த ஊரும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ரா பக்கம் சோர்க்கர் என்று ஒரு கடற்கரைக் குப்பம். அங்கே மீன் புகைப்பதுதான் பெண்களின் பிழைப்பு. 1969, 70 வாக்கில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் அந்நாட்டு உணவு ஆராய்ச்சி நிறுவனமும் ஒரு சூளையைச் சரிசெய்தார்கள். மண்ணாலோ செங்கல்லாலோ ஒரு செவ்வகத் தொட்டி, முன்பக்கம் இரண்டு அடுப்பு வாய், மேலே மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த தட்டுகள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அந்த அடுக்கே புகைக்கூண்டாகிவிடுகிறது. சூடும் புகையும் வீணாக வெளியே போகாமல் எல்லாத் தட்டிலும் ஏறும். விறகு மிச்சம். மேல் தட்டைக் கீழே மாற்றினால் போதும், நெருப்புக்குள் கைவிட்டு மீனைத் திருப்ப வேண்டியதில்லை. பின்னால் செனகல் நாட்டில் தியாரோய் என்ற இடத்தில் இதை இன்னும் திருத்தி, மீன் கொழுப்பு கங்கில் சொட்டாதபடி நடுவே ஒரு தட்டு வைத்தார்கள். கொழுப்பு கங்கில் விழுந்தால்தான் பென்சோபைரீன் மாதிரிக் கெட்ட பொருள் அதிகம் உண்டாகிறது.

இதை அப்படியே பெயர்த்து இங்கே வைக்கச் சொல்லவில்லை. அவர்கள் மீன் வேறு, நம் சூரைத் துண்டு வேறு, வேகவைக்கிற கிடாரம் அங்கே இல்லை. ஆனால் தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. கொச்சியில் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் ஒரு வாரம் எங்கள் சாய்ப்பில் வந்து நிற்கட்டும். கிடாரத்துக்கும் மூட்டத்துக்கும் சேர்த்துப் புகைக்கூண்டு வைத்த ஓர் அடுப்பை மதினி மாதிரிப் பெண்களோடு சேர்ந்து கட்டிப் பார்க்கட்டும். பக்கத்திலேயே விறகு நனையாமல் காய ஒரு கூரையும் போட்டால் அதிலேயே புகை குறையும்.

விறகு பற்றியும் ஒரு கோரிக்கை உண்டு. குளத்துச் சீமைக்கருவேலத்தை ஏலம் விடும்போது முழுவதும் குத்தகைக்காரருக்கே போகிறது. அதில் ஒரு பங்கைக் கடற்கரைப் பெண்கள் குழுக்களுக்கு நியாய விலையில் ஒதுக்கலாம். அதேசமயம் உடை மரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்ன சமயத்தில், முள்ளைப் பார்த்து எங்கள் பக்கம் உடை மரமும் சேர்ந்தே விழுந்தது. அது இந்த மண்ணின் மரம். நெற்றை ஆடு தின்னும், நிழலில் ஆள் உட்காரும்.

டாக்டர்களுக்கும் உங்கள் இதழ் வழியாக ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரையிலிருந்து ஒரு பெண் இருமிக்கொண்டு வந்தால், வீட்டு அடுப்பைக் கேட்ட கையோடு தொழிலுக்கு என்ன எரிக்கிறாள் என்றும் கேளுங்கள். மதினிக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. போன மழையிலிருந்து ராத்திரி இருமுகிறாள். வருகிற வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இந்தத் தடவை நானே சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உவரிப் பக்கத்து வாசகி