கத்திரி வெயிலில் கத்தரிக்கோல் வேண்டாம்

மாநகராட்சிப் பூங்காக்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும் தோட்டப் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

பொங்கல் சமயத்தில் பறவைக் கணக்கெடுப்புக்காகப் பலர் பைனாகுலருடன் பூங்காக்களுக்கு வருகிறார்கள். வலசைப் பறவைகள் ஏப்ரலுக்குள் வடக்கே கிளம்பிவிட, இவர்களும் காணாமல் போகிறார்கள். வெயிலில் பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்புதான். ஆனால் ஆண்டு முழுக்க நம் ஊரிலேயே இருக்கும் பறவைகள் பல கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது கோடையில்தான். பூங்காவில் கிளை கழிப்பதும் மருந்தடிப்பதும் மும்முரமாக நடப்பதும் இதே மாதங்களில்தான்.

செம்மார்புக் குக்குறுவானை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ‘டுக் டுக்’ என்று ஓயாமல் ஒரே சீராகக் கேட்கும் குரல் அதனுடையது. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. அளவில் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பட்டுப்போன கிளையில் தானே துளை குடைந்து அதற்குள் முட்டையிடும். நாமோ பட்ட கிளையைப் பார்த்ததும் ரம்பத்தை எடுக்கிறோம். நடைபாதைக்கு மேலே, குழந்தைகள் விளையாடும் இடத்தில் இருந்தால் வெட்டத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. மூலையில், யார் தலையிலும் விழாத இடத்தில் நிற்கும் கிளையை விட்டுவைக்கலாமே?

வேலிச்செடிகளில் தையல்சிட்டு இருக்கிறது. இலைகளைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்து, நம் இடுப்பு உயரத்திலேயே கூடு வைக்கும். வேலியை ஒழுங்காக வெட்டும்போது கூடும் சேர்ந்தே போகிறது. முட்டையிட்டதிலிருந்து குஞ்சு வெளியேற ஏறக்குறைய நான்கு வாரம் போதும். காக்கைக் கூட்டை மட்டும் யாரும் தொடுவதில்லை. தலையில் கொத்து வாங்க யாருக்கு ஆசை? அந்தப் பயத்தால் குயில் குஞ்சும் தப்பிப் பிழைக்கிறது.

அரளிச் செடியில் புழுவைப் பார்த்ததும் மருந்தடிக்கிறார்கள். அது பெரும்பாலும் வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. கொஞ்சம் இலையைத் தின்னும், அவ்வளவுதான். அரளி மறுபடி துளிர்த்துவிடும். அடுத்து அது கூட்டுப்புழுவாக மாறி இலைக்கடியில் பொன்னிறமாகத் தொங்குவதை ஒருமுறை பார்த்தவர் மருந்துக் குழாயைத் தொடமாட்டார்.

அப்புறம் சருகு. மரத்தடியில் கிடக்கும் சருகைப் புரட்டித்தான் தவிட்டுக்குருவிக் கூட்டம் பூச்சி பிடிக்கிறது. பாதையைப் பெருக்குங்கள், மரத்தடியை விட்டுவிடுங்கள். பெருக்கியதை உரக்குழியில் போடலாம். பொது இடத்தில் குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுக்கின்றன.

ஆக, நாங்கள் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். அவசரமில்லாத கிளை வெட்டுகளைச் செப்டம்பருக்குத் தள்ளிவையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எப்படியும் அந்த வேலையைச் செய்துதானே ஆகவேண்டும்? நிழலான இடங்களில் ஆழமில்லாத மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். கொசு வரும் என்பீர்கள். முட்டை கொசுவாக மாற ஒரு வாரமாவது ஆகும். தினமும் கொட்டிக் கழுவி ஊற்றினால் அந்தக் கவலை இல்லை. அந்த வேலையை நாங்களே ஏற்கிறோம்.

கிளை வெட்டும் தேதியை இரண்டு நாள் முன்னதாக வாயில் பலகையில் எழுதிப்போட்டால் போதும். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று பணியாளர்களுக்குக் காட்ட, காலை ஆறரை மணிக்கு எங்களில் யாராவது அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
காலை நடைக்கு வரும் சிலர்