செய்தி ஆறிய பிறகும் பசி இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகதிகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்கள் படும் பாட்டை விரிவாகச் சொன்ன கட்டுரை, நம்மால் என்ன செய்ய முடியும் என்ற இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2024 முடிவில் உலகெங்கும் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டவர்கள் 12 கோடிக்கும் மேல். பணக்கார நாடுகளுக்கு வந்து சேர்பவர்கள் இவர்களில் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் சொந்த நாட்டுக்குள்ளேயோ பக்கத்து நாட்டிலோ ஒண்டியிருக்கிறார்கள். சூடானில் 2023 ஏப்ரலில் போர் மூண்டதும் லட்சக்கணக்கானவர்கள் தஞ்சம் புகுந்தது சாட் நாட்டில். அதுவே பரம ஏழை நாடு.

செய்தி சூடாக இருக்கும்வரைதான் பணம் வருகிறது. 2017-ல் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோகிஞ்சா சிறுபான்மை மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு ஓடிவந்தபோது உலகமே பதறியது. 2023-ல் நிதி வறண்டுபோக, ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அவர்களுடைய ரேஷனை ஆளுக்கு மாதம் 12 டாலரிலிருந்து 10 ஆக்கி, அப்புறம் 8 ஆக்கியது. கணக்குப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்பது சென்ட்கூட வராது. வெளியே போய்ச் சம்பாதிக்கவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. மறுபடி நிதி கிடைத்த பிறகுதான் ரேஷன் கூடியது.

ஆகவே, கொடுக்க நினைப்பவர்கள் சிறு தொகையானாலும் மாதாமாதம் கொடுங்கள். 'இந்தப் போருக்கு மட்டும்' என்று கட்டுப்படுத்தாதீர்கள். பழைய துணி மூட்டைகள் வேண்டாம். பிரிக்க ஆள், ஏற்ற வண்டி, வைக்கக் கிடங்கு என்று அதற்கே பணம் கரைந்துவிடும். பணமாகக் கொடுத்தால், இன்று வேண்டியது அரிசியா மருந்தா என்று முகாமில் இருக்கும் தாய்க்கே தெரியும். உள்ளூர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும்.

பணம் இல்லாதவர்களாலும் முடியும். அக்கம்பக்கத்தில் அகதிக் குடும்பம் இருந்தால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம், அலுவலகத்துக்குக் கூடப் போகலாம், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க உதவலாம். கனடாவில் 2024 நவம்பரில் புதிய விண்ணப்பங்கள் நிறுத்திவைக்கப்படும்வரை, ஐந்து பேர் சேர்ந்தால் ஓர் அகதிக் குடும்பத்தை வரவழைத்து, முதல் ஓராண்டுக்குப் பொறுப்பேற்க விண்ணப்பிக்க முடிந்தது. 1970-களின் இறுதியிலிருந்து இப்படித் தனியார் ஆதரவில் அங்கே குடியேறியவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். மற்ற நாட்டவர்களும் இப்படியொரு திட்டத்தைத் தங்கள் அரசிடம் கேட்க வேண்டும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய போர் மூளும்வரை காத்திராமல், பழைய முகாம்களின் நிலையையும் அவ்வப்போது எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்